யூனியன் இல்லாமல் சட்டகம் மூடாது
‘இண்டஸ்ட்ரியல்’ குழாய் அலமாரி குறித்துச் சில குறிப்புகள்

1

தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யாருக்கும் அழகாகத் தெரிவதில்லை. அதன் புகை, இரைச்சல், ஷிஃப்ட் மாறும்போது வாசலில் கூடும் கூட்டம் எல்லாமே நகரத்தின் தொந்தரவுகள். ஆலை மூடப்பட்டு ஆட்கள் வெளியேறிய பிறகுதான் செங்கல் சுவரும் இரும்புக் குழாயும் ஒரு ‘பாணி’யாகக் கண்ணில் படத் தொடங்குகின்றன. இன்று நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைக்குள் வந்துவிட்ட ‘இண்டஸ்ட்ரியல்’ அலமாரியை (கறுப்புக் குழாய், சுவரில் திருகிய ஃபிளாஞ்ச், அதன்மேல் பழசுபோலத் தோன்றும் மரப்பலகை) நாம் ஓர் அறைக்கலனாக மட்டும் பார்க்க முடியாது. அது ஒரு பிரதி. உழைப்பை நீக்கிவிட்டு உழைப்பின் தடயத்தை மட்டும் காட்சிக்கு வைக்கும் பிரதி.

இந்த ரசனை பிறந்த இடம் நியூயார்க். மன்ஹாட்டனின் ஸோஹோ பகுதியில் துணி, அச்சு, சிறு எந்திரம் என்று ஓடிக்கொண்டிருந்த பட்டறைக் கட்டடங்களின் மாடிகளை ஓவியர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1971இல் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே குடியிருப்பதைச் சட்டபூர்வமாக்கியது. ஷாரன் ஜூக்கின் 1982இல் வெளியிட்ட ‘லாஃப்ட் லிவிங்’ நூல் இதன் அரசியல் பொருளாதாரத்தை விரிவாகப் பேசுகிறது. பட்டறைகள் தாமாகச் செத்துப்போய் அந்த வெற்றிடத்தில் கலை வந்து உட்கார்ந்தது என்ற கதை பொய். வீட்டுமனை மூலதனமும் நகரக் கொள்கையும் சேர்ந்து சிறு உற்பத்தியாளர்களையும் அவர்களிடம் கூலி வேலை பார்த்தவர்களையும் வெளியேற்றின. கலைஞனின் ரசனை அந்த வெளியேற்றத்துக்கு முகப்புப் பலகையாக இருந்தது. ஜூக்கின் வாதத்தின் சாரம் இது. கூரைக்கடியில் வெளியே தெரிந்த குழாய்கள் முதலில் காசில்லாமையின் அடையாளம். பிறகு அதே குழாய்கள் வாடகையை ஏற்றும் காரணமாயின.

(நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் பரண். பழைய அண்டாவும் கட்டுக்கட்டாகச் சிற்றிதழ்களும் தூசி படிந்து கிடக்கும் இடம். ஒரே சொல் இரண்டு வர்க்கங்களில் எப்படிப் பயணிக்கிறது என்பது தனியே எழுத வேண்டிய விஷயம்.)

பெரம்பூர் பி அண்ட் சி மில் கதை வேறுமாதிரியானதல்ல. 1870களில் தொடங்கிய மில் 1996இல் மூடப்பட்டது. பிறகு அதன் கொட்டகைகள் பல ஆண்டுகள் தமிழ் சினிமாவின் படப்பிடிப்புத் தளமாயின. வில்லனின் கிடங்காகவும் சண்டைக் காட்சியின் களமாகவும் நாம் எல்லோரும் அந்த இடத்தைத் திரையில் பார்த்திருக்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலேயே. அதற்குப் பிறகு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. மில், செட், ஃபிளாட்: மூன்று கட்டங்கள். மறுபுறம், ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. எட்டு வருஷத்தில் வந்து போகிற ஆலைக்குச் செங்கல் சுவரும் கிடையாது, இடிபாடாகி அழகு பெறும் அவகாசமும் கிடையாது. ஆக, எந்தத் தொழிற்சாலை அழகாகும், எது ஆகாது என்பதையும் மூலதனத்தின் வேகமே தீர்மானிக்கிறது.

2

இந்த அலமாரியை வாங்கவும் செய்யலாம், கட்டவும் செய்யலாம். இதழ்களைப் பரணிலிருந்து இறக்கி அடுக்க வேண்டியிருந்ததால் நான் கட்டினேன். முன்பின் பழக்கம் கிடையாது. ஆகவே புதியவர்களுக்கென்று எழுதப்பட்ட செய்முறைகளைப் படித்தேன். இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலவே அவற்றையும் படிக்கலாம், படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

செய்முறைப் பிரதியின் முதல் வாக்கியமே ஒரு சுவரைக் கற்பனை செய்கிறது. ‘முதலில் ஸ்டட் எங்கே இருக்கிறது என்று தேடு’. அமெரிக்க வீட்டுச் சுவர் என்பது பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்கள், மேலே ஜிப்சம் பலகை. அந்தச் சட்டத்துக்குப் பெயர்தான் ஸ்டட். நம் ஊர்ச் செங்கல் சுவரில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே டிரில் போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை போய், பிளக் வைத்து ஸ்குரு முடுக்க வேண்டும். பூச்சிலேயே நின்றுவிட்டால் புத்தகம் ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து வரும்.

அடுத்தது பெயர்கள். ‘கறுப்பு இரும்புக் குழாய்’ என்கிறார்கள். அது உண்மையில் எஃகு. உலையிலிருந்து வந்து உருட்டப்படும்போது மேலே படியும் ஆக்ஸைடுதான் அந்தக் கறுப்பு. அங்கே அது எரிவாயு போகிற குழாய். துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்தெடுத்தால்தான் வீட்டுக்குள் வைக்க முடியும். சென்னை செம்புதாஸ் தெருவுக்குப் போனால் கறுப்புக் குழாயும் கிடைக்கும். ஆனால் தெருமுனை ஹார்டுவேர் கடையில் இருப்பது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. அதை வாங்கி, அதன் மேல் கறுப்பு அடித்து, அமெரிக்க எரிவாயுக் குழாய் மாதிரி ஆக்குகிறார்கள். புதுத் துத்தநாகத்தில் சாதாரண பெயின்ட் ஒட்டாது, உரிந்து வரும். அதற்கென்று தனி பிரைமர் வேண்டும். துருப்பிடிக்காத குழாயைத் துருப்பிடிக்கக்கூடிய குழாயாக வேஷம் போட வைக்க இவ்வளவு பாடு. நான் அடிக்கவில்லை. சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது.

முக்கால் இஞ்ச் குழாய் என்று கேட்டு வாங்குகிறோம். முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர். அளந்து பாருங்கள். நடுத்தர கனமுள்ள குழாயில் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 27, உள்விட்டம் 21க்கு மேல். எங்கேயும் முக்கால் அங்குலம் இல்லை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உறவு தன்னிச்சையானது என்பதை மாணவர்களுக்கு விளக்க ஸஸ்ஸூரைவிட இந்தக் குழாய் வசதி. ஏ, பி, சி என்று மூன்று கனம். மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை போட்டிருக்கும். அலமாரிக்கு நீலப் பட்டை போதும்.

கடைசியாக மரை. குழாயின் நுனியில் வெட்டும் திருகுப் பள்ளத்துக்கு நம் பிளம்பர்கள் சொல்கிற சொல் இது. அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. நம்முடையது 55. இந்த 55, ஜோஸப் விட்வொர்த் என்கிற ஆங்கிலேயர் 1841இல் முன்வைத்த தரம். ஏகாதிபத்தியம் போய்விட்டது, கோணம் போகவில்லை. பின்காலனியம் பற்றிப் பேசும் நண்பர்கள் குளியலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் அங்கேயும் சான்று கிடைக்கும்.

3

இந்தக் கட்டுரையின் மையத்துக்கு இப்போது வருகிறேன். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஹவுஸ் ஓனர் விடுவதில்லை. ஆகவே சுவரைச் சாராமல் தானே நிற்கிற அலமாரி வேண்டும். இரண்டு பக்கமும் ஏணி மாதிரி ஒரு சட்டகம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு குழாய், அவற்றுக்கிடையே மூன்று குறுக்குக் குழாய், சந்திக்குமிடங்களில் டீ, எல்போ. அந்தக் குறுக்குக் குழாய்களின் மேல் பலகை.

காகிதத்தில் எளிது. கையில் எடுத்தால்தான் தெரியும், இதைத் திருகிக் கட்டவே முடியாது என்று. குறுக்குக் குழாயின் ஒரு முனையை இடது டீயில் முறுக்கினால் மறுமுனை வலது டீயிலிருந்து கழன்றுகொண்டு வரும். வலதில் முறுக்கினால் இடது கழலும். முதல் குறுக்குக் குழாயை எப்படியாவது போட்டுவிடலாம், வலப்பக்கக் கம்பத்தையே சுற்றி. இரண்டாவதைப் போட முடியாது. இரண்டு முனையும் பிடிக்கப்பட்ட குழாயை இறுக்க வழியில்லை. மூடிய சட்டகத்தின் விதி இது.

இதற்குப் பிளம்பிங்கில் ஒரு பழைய விடை உண்டு: யூனியன். மூன்று துண்டு. ஒரு துண்டு இந்தக் குழாயில், ஒரு துண்டு அந்தக் குழாயில், நடுவில் ஒரு நட்டு. நட்டு மட்டும்தான் சுற்றும். இரண்டு குழாயும் அசையாமல் நிற்க, அவை ஒன்றோடொன்று இறுகும். மூன்று குறுக்குக் குழாய் என்றால் இரண்டு மூடிய கட்டம், இரண்டு யூனியன். இரண்டு பக்கத்துக்கு நான்கு.

நான்கு கேட்டபோது கடைக்கார அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன லைன் சார், தண்ணியா?”

“இல்லண்ணே. புக்கு வைக்கிற ஸ்டாண்டு.”

“தண்ணியே போவாத பைப்புக்கு எதுக்கு சார் யூனியன்?”

“ஃபிரேம் மூடணும்ல?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆமா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல முறுக்க முடியாது” என்று சொல்லி எடுத்து வைத்தார். செய்முறைகள் பக்கம் பக்கமாக மறைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பொதுவாகக் காணக்கிடைக்கும் ‘இண்டஸ்ட்ரியல்’ அலமாரிப் படங்களில் யூனியன் அபூர்வம். காரணங்கள் இரண்டு. ஒன்று, அது பருமனாக, முண்டாக இருக்கும். குழாயின் ஒழுங்கான கோட்டைக் கெடுக்கும். இரண்டு, அதன் தேவையே வராதபடி வடிவமைக்கிறார்கள். குழாயைச் சுவரிலிருந்து கிளப்பி, முனையில் மூடி போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அல்லது ஃபிளாஞ்ச் வைத்துச் சுவரிலேயே முடித்துவிடுகிறார்கள். அதாவது யூனியன் செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்கிறது. சொந்தச் சுவர் உள்ளவனுக்கு யூனியன் வேண்டியதில்லை. சுவர் இல்லாதவனுக்கு யூனியன் இல்லாமல் சட்டகம் நிற்காது. (துளைக்குள் நுழைத்துச் சின்ன ஸ்குருவால் இறுக்கும் கிளாம்புகள் உண்டு. மரையே இல்லாத அந்த முறை வேறு தர்க்கம்.)

4

சொல்விளையாட்டு என்று தோழர்கள் சொல்லக்கூடும். ஆனால் சொல்லை நான் கொண்டுவரவில்லை. குழாய் உறுப்புக்கும் தொழிலாளர் அமைப்புக்கும் ஒரே பெயர் வைத்தது ஆங்கிலம். அதை அப்படியே எடுத்துக்கொண்டது பட்டறை. ஆலைத் தொழிலாளி ‘யூனியன்’ என்பார், கட்டுரை எழுதுபவர் ‘தொழிற்சங்கம்’ என்பார். நான் இங்கே தொழிலாளியின் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அழகாக்கப்பட்ட பெரம்பூர் மில்லுக்கு மறுபடி போவோம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டே உருவானது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. என்ற பெயர்கள் நம் பாடப்புத்தக வரலாற்றில் உண்டு. 1921 வேலைநிறுத்தம் அவ்வளவு எளிதாகப் பாடப்புத்தகத்தில் நுழைவதில்லை. மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை. புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, அவர்களின் குடிசைகள் எரிந்தன. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். நிர்வாகம் பிளவைப் பயன்படுத்தியது என்பது ஒரு வாசிப்பு. வேலைக்குப் போனவர்களைக் ‘கருங்காலி’ என்று சுருக்குவது இன்னொரு வாசிப்பு. அந்தச் சங்கத்துக்குள் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது, ‘நாம்’ என்று சொன்னபோது அந்த ‘நாம்’ யாரையெல்லாம் உள்ளடக்கியது என்பதை இரண்டு வாசிப்புகளும் கேட்பதில்லை.

அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிக்கும் பிரிவினை என்று வாதிட்டார். 1921ஐ அந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க முடியும். ஒரு முனையை இறுக்கும்போது மறுமுனை கழன்றது. இறுக்கியவர்கள் மறுமுனையைப் பார்க்கவில்லை, பார்த்தபோது ‘நீ சுற்று’ என்றார்கள். குழாய் யூனியனின் அமைப்பில் எந்தப் பக்கமும் மற்றதற்காகச் சுற்ற வேண்டியதில்லை. நடுவில் உள்ளதுதான் சுற்றியாக வேண்டும். நடுவில் நின்ற தலைமைகள் எவ்வளவு சுற்றின என்பது வரலாற்றிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உருவகத்தை இதற்கு மேல் இழுப்பது நேர்மையல்ல. குழாய்க்குக் குடிசை கிடையாது, எரிவதும் கிடையாது. ஆனால் பிரச்சினை பழையதாகிவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியக் கோரிக்கைகளோடு மையமாக இருந்தது தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம். நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. தண்ணியே போகாத பைப்புக்கு எதுக்கு யூனியன் என்று கடைக்கார அண்ணன் கள்ளமில்லாமல் கேட்டார். அதே கேள்வி, ‘நல்ல சம்பளம் கொடுக்கும் கம்பெனியில் எதுக்கு யூனியன்’ என்று மாறும்போது அதில் கள்ளம் இருக்கிறது.

5

‘யார் வேண்டுமானாலும் ஒரு வார இறுதியில் செய்துவிடலாம்’ என்பது இந்தச் செய்முறைகளின் பல்லவி. இந்த ‘யார் வேண்டுமானாலும்’ யார்? வார இறுதி என்ற ஒன்று உள்ளவர். டிரில் மெஷின் வாங்கி, ஒரே ஒரு அலமாரிக்குப் பயன்படுத்திவிட்டு எடுத்து வைக்கக்கூடியவர். முக்கியமாக, குழாயைத் தொட்டால் தன் அந்தஸ்து மாறிவிடாது என்ற உத்தரவாதம் உள்ளவர். எனக்கு அந்த உத்தரவாதம் இருந்தது. அலமாரியைப் பார்க்க வந்தவர்கள் “நீங்களே பண்ணீங்களா!” என்று வியக்கிறார்கள். நகரமெங்கும் குழாய் வேலை செய்யும் ஒடிஷா கேந்திரபாடா மாவட்டத்துக்காரரைப் பார்த்து யாரும் அப்படி வியப்பதில்லை. எழுதுகிறவன் மரை முடுக்கினால் அது ‘பொழுதுபோக்கு’, ‘தற்சார்பு’. பிளம்பர் முடுக்கினால் அது கூலி. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் பேனாவுக்கும் ஒரே குங்குமம் வைக்கிற சமூகம், மற்ற நாட்களில் இரண்டையும் ஒரே கையில் பார்த்தால் திகைக்கிறது.

நம் நாட்டில் குழாய் ஒருபோதும் வெறும் குழாயாக இருந்ததில்லை. ஒரு குழாய் வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவருகிறது, இன்னொன்று கழிவை வெளியே கொண்டுபோகிறது. இரண்டாவது குழாய் அடைத்துக்கொண்டால் இறங்குவதற்கென்று ஒரு சாதியை இந்தச் சமூகம் ஒதுக்கிவைத்திருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொன்று. 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023இல் இதே நீதிமன்றம் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தடைசெய்யப்பட்ட வேலையில் நிகழும் சாவுக்குத் தொகை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் தடையின் பொருள் என்ன?

வரவேற்பறைக் குழாயின் கவர்ச்சி இங்கேதான் விளங்குகிறது. அதில் எதுவும் ஓடுவதில்லை. எதுவும் அடைக்காது, யாரும் இறங்க வேண்டாம். பாரிஸின் பாம்பிடு மையம் 1977இல் திறக்கப்பட்டபோது கட்டடத்தின் குழாய்களை வெளியே கொண்டுவந்து வண்ணம் பூசினார்கள்: காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், ஆட்கள் ஏறி இறங்கும் வழிக்குச் சிவப்பு. கட்டடம் எப்படி உயிர்வாழ்கிறது என்பதைத் தெருவுக்குக் காட்டும் சைகை அது. நம் ஃபிளாட்டுகளில் ஓடுகிற குழாயெல்லாம் சுவருக்குள் ‘கன்சீல்டு’. ஓடாத குழாய் மட்டும் வெளியே. தொன்மம் பொருளிலிருந்து வரலாற்றை வடிகட்டிவிடுகிறது என்று ரொலாண் பார்த் 1957இல் ‘மித்தாலஜீஸ்’ நூலில் காட்டினார். இங்கே வரலாற்றோடு சாதியும் சேர்ந்து வடிந்துவிட்டிருக்கிறது.

6

இவ்வளவும் சொன்ன பிறகு அலமாரியை நிராகரித்துவிடலாம் என்று தோன்றும். நம் விமர்சன மரபில் அது எளிய பழக்கம். ஒன்றைக் கட்டுடைத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். ஆனால் அலமாரி வெறும் குறி அல்ல. அது பாரம் தாங்குகிறது. ஒரு மீட்டர் வரிசைப் புத்தகம் 20, 30 கிலோ வரும். தாங்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கினால், அதே அடர்த்தியில் அடுக்கிய பலகையின் தொய்வு 16 மடங்காகும். ஆகவே ஓரங்குலப் பலகைக்கு இரண்டரை அடிக்குள் தாங்கல் வைத்தேன். இந்தக் கணக்கு எந்தச் சொல்லாடலுக்கும் கட்டுப்படாது. ‘மூலதன’த்தில் சரக்கின் மாயத்தைப் பேச வந்த மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு மேசைதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். சரக்காகாத வரை அதில் மர்மம் ஏதுமில்லை.

இத்தாலியின் என்ஸோ மாரி 1974இல் இதை ஒரு செயல்திட்டமாகவே முன்வைத்தார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் கொண்டு யாரும் செய்துகொள்ளத்தக்க மேசை, நாற்காலி, கட்டில், அலமாரிகளின் வரைபடங்களைத் தபால் செலவுக்கு மட்டும் அனுப்பிவைத்தார். சிக்கனம் அவர் நோக்கமல்ல. தன் கையால் ஒன்றைச் செய்தவன், சந்தையில் விற்கும் பொருளைப் பார்க்கும்போது அது எப்படி நிற்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்கத் தொடங்குவான் என்பது அவர் எதிர்பார்ப்பு. செய்வது ஒரு விமர்சனப் பயிற்சி. 2010இல் ஃபின்லாந்து நிறுவனம் ஒன்று அதில் ஒரு நாற்காலியைப் பலகைத் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சந்தை எதையும் விட்டுவைப்பதில்லை. அதனால் பயிற்சி வீண் என்றாகிவிடாது. யூனியன் ஏன் வேண்டும் என்பது எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேலையை முன்மொழிகிறேன். அமைப்பியல், கட்டுடைப்பு, சொல்லாடல் என்று நாம் வருஷக்கணக்காகச் சொற்களை உருவாக்கினோம், அவற்றுக்காகச் சண்டையும் போட்டோம். அதே காலத்தில் பட்டறையிலும் கட்டட வேலையிலும் புழங்கிய சொற்களை எந்தச் சிற்றிதழும் முறையாகத் தொகுத்ததாக நான் பார்த்ததில்லை. மரை என்ற சொல் யாரும் குழு போட்டு உருவாக்கியதல்ல. நிப்பிள், சாக்கெட், டீ, யூனியன் எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் தமிழ் வாக்கியத்துக்குள் வேலை செய்கிற ஆங்கிலம். ஒவ்வொருவரும் தன் ஊரில் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொற்களையும் அந்தச் சொல் குறிக்கும் வேலையையும் அந்த வேலைக்கான கூலியையும் சேர்த்துக் குறித்து அனுப்பினால் ஓர் இதழை அதற்கே ஒதுக்கலாம். சொல்லைத் தந்தவரின் பெயர், அவர் சம்மதித்தால், கட்டுரையாளர் பெயருக்கு மேலே போக வேண்டும். தொடக்கமாக என் பங்குக்குக் குழாய்க் கடைச் சொற்கள் நாற்பது தயாராக இருக்கின்றன.